அடைப்புக்குறிக்கு அஞ்சாதே!

திரையில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாய் நீளும் 'அர்ரே' என்னும் அணியைப் பார்த்து ஏன் மிரளுகிறாய்? போடியில் வளர்ந்த பிள்ளை நீ! இருட்டோடு ஜீப்பேறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களின் ஊர் இது. காய்ந்த ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மி.மீ., 7 மி.மீ. என்று தரம் பிரிக்கிற ஊர். அணியை அவிழ்த்து அடுக்குவதா உனக்கு எட்டாத வேலை?

நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பதும் இங்கேதான். அந்த ஏலத்துக்கு ஒரு பதிவை நீயே நிரலில் எழுதிப் பார். விவசாயிக்குள் அவருடைய சரக்குத் தொகுதிகளான லாட்டுகள், லாட்டுக்குள் எடையும் விலையும். எல்லா லாட்டையும் விலைப்படி ஒரே வரிசையில் நிறுத்து பார்ப்போம்!

ஜாவாஸ்கிரிப்டில் 'ஃபிளாட்' இருக்கிறதே என்பாய். இருக்கிறது, 2019 முதல். சும்மா கூப்பிட்டால் ஓரடுக்கைத்தான் அவிழ்க்கும். அது வருமுன்னே கையால் எழுதியவர்கள் என்ன, வானத்திலிருந்து குதித்தவர்களா? நீயும் எழுது! ஒவ்வோர் உறுப்பிடமும் ஒரே கேள்வி: நீ அணியா, தனிப்பொருளா? தனிப்பொருள் என்றால் வரிசையில் சேர். அணி என்றால் உள்ளே போய் அதே கேள்வியைக் கேள். ரிகர்ஷன் என்று பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான்! இதையே பைத்தானில் எழுதினால், ஒன்றுக்குள் ஒன்றாய் வழக்கமாக 1000 அழைப்புகளோடு அது கையை விரித்துவிடும். விரிக்கட்டும், இன்னும் திறக்காதவற்றை அடுக்கி வைக்க ஸ்டாக் ஒன்றை வைத்துக்கொண்டு நீ மேலே போ.

அவசரமாய் அவிழ்க்காதே. அவிழ்த்த பின் எந்த லாட் யாருடையது என்ற அடையாளம் போய்விடும். பணத்தை யாரிடம் கொடுப்பாய்? முதலில் ஒவ்வொரு லாட்டிலும் உரியவர் பெயரை ஒட்டு, அப்புறம் அவிழ். (கெட்டிக்காரர்களே கோட்டை விடும் இடம் இது.)

அடுக்கும்போது இன்னொரு குழி. ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' எண்களையும் எழுத்தாய்த்தான் ஒப்பிடும். 900, 2400, 1100 கொடுத்தால் 1100, 2400, 900 என்று நிறுத்தும்! திட்டிக்கொண்டு எழுந்து போகாதே. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக் காட்டும் ஒப்பீட்டு விதியை நீ கொடு, அடங்கிவிடும்.

போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சென்னைக்குப் போனால்தான் நிரல் வரும் என்று எவன் சொன்னான்? இன்று இரவே எழுது. ஓடியதும் நிறுத்தாதே: லாட்டே இல்லாத விவசாயியை உள்ளே விடு, ஒரே விலையில் இரண்டு லாட்டுகளை விடு, விலைக்குப் பதில் வெற்றிடத்தை விடு. உடைகிறதா? உடைந்த வரியைத் தேடிப் பிடி!