எங்கோ பெய்யும் மழை

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையை ஒட்டி பக்ஸ்கின் கல்ச் என்றொரு மணற்கல் இடுக்கு இருக்கிறது. நீளம் 20 கிலோமீட்டருக்குக் குறையாது. சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். நடுவில் ஏறித் தப்ப ஒரே ஒரு வழி. அதற்கும் பாறை ஏறிப் பழக்கம் வேண்டும். உள்ளே போய்விட்டால் வானம் தலைக்கு மேல் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோடு நீலமாக இருப்பதற்கும் நாம் பிழைத்திருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் நகருக்கு அருகே லோயர் ஆன்டலோப் என்ற இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலத்தில். வெறும் பாறையும் இறுகிக் காய்ந்த மண்ணும் நீரைக் குடிப்பதில்லை. பரந்த நிலத்தில் விழுந்ததெல்லாம் ஆள் அகல வழிக்குள் ஒன்றாக வந்து இறங்குகிறது. அந்த இடுக்கைச் செதுக்கியதும் இப்படி வந்த வெள்ளங்கள்தான். நாம் படம் எடுக்கப் பறக்கும் அந்த வழுவழுப்பான வளைவுகள் எல்லாம் அவற்றின் கைவேலை.

நாங்கள் பக்ஸ்கின் பக்கம் போனது செப்டம்பர் தொடக்கத்தில். அங்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம். பக்ஸ்கினில் இரவு தங்க நாளொன்றுக்கு 20 பேருக்குத்தான் அனுமதி. அது எங்களுக்குக் கிடைத்திருந்தது. முன்னறிவிப்போ இடியுடன் மழை என்றது. ரேஞ்சர் போகாதே என்று சொல்லவில்லை. வானிலை வரைபடத்தைக் காட்டி, முடிவு உங்களுடையது என்றார். தடுத்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருப்போம்.

"காசு கட்டியாச்சு, லீவும் போட்டாச்சு. வானம் எப்படி இருக்கு பாரு!" என்றான் நண்பன். உண்மையிலேயே துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எங்களோடு வந்த அக்கா கேட்டார்: "இங்க வானம் நல்லாத்தான் இருக்கு. மேல பெய்யறது நமக்கு எப்படிடா தெரியும்?" அவனிடம் பதில் இல்லை, எனக்கும் இல்லை. போகவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 2015 செப்டம்பர் 14 அன்று சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் இடுக்கில் ஏழு பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். வெள்ளம் வர வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கை அன்று இருந்தது. அவர்களை அசடுகள் என்று சொல்வது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எளிது. கையில் அனுமதிச் சீட்டும் கண்ணெதிரே நல்ல வானமும் இருக்கையில், பார்க்காத மேகத்தை நம்பு என்பது மனித மனத்திடம் கொஞ்சம் அதிகமாகவே கேட்பது.

அன்று கானப் ஊருக்கு மேற்கே உள்ள கோரல் பிங்க் மணற்குன்றுகளுக்குப் போனோம். இந்தச் செம்மணல், பக்ஸ்கின் சுவர்களாக நிற்கும் அதே நவாஹோ மணற்கல் உதிர்ந்து வந்தது. அந்தக் கல்லும் ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலை மணற்குன்றாகக் கிடந்ததுதான். பார்க்க வந்த சுவரின் பொடியில் முழங்கால் வரை புதைந்து ஏறினோம். இடி கேட்டதும் காருக்குள் ஓடினோம். மேட்டு மணலில் மின்னலுக்கு நாம்தான் உயரம்.

காரில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியதைச் சொல்லியாக வேண்டும். பக்ஸ்கினில் வெள்ளம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அங்கே யாராவது இருக்கக்கூடும் என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. திரும்பி வந்தவனுக்குச் சான்று எதுவும் கிடைப்பதில்லை. வெள்ளம் வராவிட்டால் கோழை, வந்தால் தீர்க்கதரிசி என்று முடிவைப் பின்னால் வந்த மழையை வைத்து அளக்கிறோம். ஆனால் காலையில் எடுத்த முடிவுக்கு மாலையில் பெய்த மழை எப்படிச் சாட்சியாகும்? காலையில் தெரிந்ததை வைத்துத்தானே முடிவெடுத்தோம்.

அன்று பக்ஸ்கினில் தண்ணீர் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. நண்பன் இன்னமும் போயிருக்கலாம் என்கிறான். போயிருந்தால் ஒன்றும் ஆகாமல்கூட இருந்திருக்கும், மறுக்கவில்லை. அடுத்து மே மாதத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேச்சு. மழை குறைவு, ஆனால் உள்ளே தேங்கிய குட்டைகளில் வெயிலே படாது, தண்ணீர் கால் விறைக்கும் அளவுக்குச் சில்லிட்டிருக்கும் என்கிறார்கள். அக்கா இப்போதே தடித்த காலுறை வாங்கிவிட்டார்.