ஊரார் மருந்து

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது, டீசலை மிச்சம்பிடிக்க லாரியை நியூட்ரலில் விடக் கூடாது என்று போலீசார் எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறார்கள். மிச்சமாகும் காசு ஓட்டுகிறவருக்கு. பிரேக் பிடிக்காமல் போனால் சாவது முன்னால் போகும், முன்பின் தெரியாத குடும்பம். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதும் இந்த வகைத் தவறுதானா? ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு விழுங்கியவருடையது அல்ல.

"காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று மெடிக்கலில் கேட்பது தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் காணக்கூடியது. கடைக்காரர் அட்டைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி, பாரசிட்டமால் ஒன்று, சளி மாத்திரை ஒன்று, கூடவே ஓர் அசித்ரோமைசினோ செஃபிக்ஸைமோ சேர்த்துச் சின்ன உறையில் போட்டுத் தருவார். பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. காய்ச்சலைத் தணிப்பது பாரசிட்டமால், நோயை விரட்டுவது உடம்பு, நல்ல பெயர் மட்டும் ஆன்டிபயாட்டிக்குக்கு. அடுத்த முறை அதைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். இதற்குள் குடலில் அந்த மருந்துக்கு மடியும் பாக்டீரியாக்கள் மடிந்து, மடியாதவை பெருகியிருக்கும். மலத்தோடு சாக்கடைக்கும் தண்ணீருக்கும் போய்ச் சேரும் அவை, தங்கள் எதிர்ப்பு மரபணுவை வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கொடுக்கும். கடைசிக் கையிருப்பான கார்பபெனம் மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்.-1 மரபணு சென்னை நோயாளிகளிடமும் பரவியிருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019இல் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 12.7 லட்சம் என்பது லான்செட் இதழின் மதிப்பீடு. கணவாயில் அடிபட்டு, கிழிந்த சதைக்குள் மண்ணும் கிரீஸுமாக ஒருவர் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதன் பிறகு எலும்பில் சீழ் பிடித்தால், கால் தங்குமா என்பதை முடிவுசெய்வதில் ஆன்டிபயாட்டிக் கேட்கிறதா என்பதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஒருவர் விழுங்கும் ஒரு செட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒவ்வொரு செட்டும் அப்படித்தான் தனியாக விழுங்கப்படுகிறது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ஒரு நாள் படுத்தால் கூலி போகும் மனிதரிடம் ஊர் நலனைப் பேசுவது நியாயமா? அவர் கேட்பது நாளைக்கு வேலைக்குப் போக ஒரு வழி; சளிக்கு ஆன்டிபயாட்டிக் அந்த வழியைத் தருவதே இல்லை. ஆகவே அதை விடச் சொல்வது அவரிடமிருந்து எதையும் பறிப்பதாகாது. நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தைக்கு அதே மருந்தை உடனே கொடுத்தாக வேண்டும், தாமதிப்பதுதான் அங்கே குற்றம். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் தம் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்குப் பெனிசிலினை அரைகுறையாக எடுத்தவரிடமிருந்து, மருந்துக்கு மசியாத கிருமி தொற்றி அவர் மனைவி இறக்கிறார். பொறுப்பு கணவருடையதே என்பது ஃபிளெமிங்கின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. எது வைரஸ், எது பாக்டீரியா என்று தெரியாதவரைவிட, தெரிந்தும் எழுதிக் கொடுப்பவரும் விற்பவரும் கூடுதல் பொறுப்பாளிகள்.

சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலில் செஃபிக்ஸைம் உண்டு; சீட்டில்லாமல் விற்கக் கூடாது, மருத்துவர், நோயாளி பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நறுக்கி விற்கும் கடையில் இந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் வேலை மருந்து ஆய்வாளருடையது, அதை நோயாளி மேல் சுமத்த முடியாது. மருத்துவர்கள் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது: இந்த நோயாளி திரும்பி வருவாரோ மாட்டாரோ என்ற பயத்தில் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். "மூணு நாள்ல காய்ச்சல் விடலைன்னா, மூச்சு வாங்குச்சுன்னா உடனே வாங்க" என்று சொல்லி அனுப்பி, அந்த இரண்டாம் வருகைக்குக் கட்டணம் வாங்காமல் இருந்தாலே இந்தப் பயத்தில் பாதி குறையும்.