வீடு பெறத் தகுதி எது?

திருவீதியுலா நிறைவுற்று எம்பெருமான் ஆஸ்தானத்துக்கு எழுந்தருளுகிறான். தேரும் தன் நிலைக்கு வந்து சேருகிறது. உற்சவம் சேவிக்க வந்த அன்பர்கள் பிரசாதம் பெற்றுத் தத்தம் இல்லம் திரும்புகின்றனர். அவ்வேளையில் மதிலோரம் ஒரு துணிமூட்டையைத் தலைக்கு வைத்து ஒடுங்கிக் கிடப்பவருக்கு மட்டும் திரும்பிச் செல்ல ஓரிடம் இல்லை. அவர் கையில் ஒரு தொன்னை புளியோதரையை வைத்துவிட்டு நாம் நகர்கிறோம். அன்னமிடுதல் பேரறமே; ஐயமில்லை. ஆயினும், அன்றிரவு அவர் எங்கே தலைசாய்ப்பார் என்னும் வினாவை நம்மில் எத்தனை பேர் எழுப்பிக்கொள்கிறோம்?

எண்ணூர் வட்டாரத்தவராகிய நமக்கு வீடிழத்தல் கேள்விப்படாத துன்பமன்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையோரம் கடலரிப்பால் அல்லலுற்ற குடும்பங்கள் பல. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வீசியபின், எர்ணாவூரில் புதிய குடியிருப்புகள் எழுந்ததையும் கண்டோம். 'இவன் குடிப்பவனா, ஒழுக்கமுடையவனா என்று ஆராய்ந்த பின்னரே கூரை' என்று அந்நாளில் நம்மில் எவரும் சொல்லத் துணியவில்லை. கடல் வீட்டைப் பறித்தபோது எழாத இக்கேள்வி, நோயோ வறுமையோ உறவினரின் புறக்கணிப்போ வீட்டைப் பறிக்கும்போது மட்டும் எழுகின்றது. 'முதலில் சித்தம் தெளியட்டும், மதுவை விடட்டும், வேலை தேடிக்கொள்ளட்டும். அதன்பின் வீட்டைப் பற்றிப் பேசலாம்' என்கிறோம். இது நீதியா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டுவது.

நம் தமிழில் 'வீடு' என்னும் ஒரே சொல் குடியிருக்கும் மனையையும் குறிக்கும், முத்தியையும் குறிக்கும். முத்தியாகிய வீட்டைக் குறித்து நம் பெரியோர் காட்டிய உதாரணங்கள் இரண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாய் கவ்விச் செல்கிறது. இவற்றுள் எது ஏற்றதென்று நெடுங்காலம் வாதம் நிகழ்ந்ததுண்டு. எனினும், எந்தத் தாயும் குட்டியின் நற்குணத்தைச் சோதித்த பின்னர் அதனைத் தாங்குவதில்லை என்பதில் இருசாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அடைக்கலம் கேட்டு வந்த விபீஷணனைப் பற்றிச் சுக்ரீவன் எழுப்பிய ஐயங்கள் அறிவுடைமைக்கு மாறானவை அல்ல. ஆயினும் பெருமாள் அவனை ஏற்றருளினான்.

மறுமைக்குரிய வீட்டுக்கே இந்நியாயம் பொருந்துமாயின், மண்ணில் கட்டும் வீட்டுக்குப் பொருந்தாதோ? வீதியில் கிடப்பவர் மாத்திரையை எங்கே வைத்துக்கொள்வார்? மழையில் அது நனையும். மூட்டையோடு களவு போகும். இரவெல்லாம் அஞ்சி அரைக்கண் மூடிக் கிடக்கும் பெண்ணின் சித்தம் எவ்வாறு தெளியும்? அவ்விரவைக் கடத்துவதற்கென்றே குடிப்போரும் உண்டு. நாம் முன்கூட்டிக் கேட்கும் தகுதி, பெரும்பாலும் கூரையின் கீழன்றி விளையாத பயிர்.

இது வெறும் தத்துவமன்று. அமெரிக்க நாட்டு நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலறிஞர், நிபந்தனையின்றி முதலில் வீடு தந்து, பின் வேண்டும் துணையை அளிக்கும் முறையை 1992-இல் தொடங்கினார். கனடா நாட்டில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் வீடு பெற்ற பிரிவினருள் நூற்றுக்கு 62 பேர் முழுக்காலமும் வீட்டில் நிலைத்திருந்தனர்; வழக்கமான உதவி மட்டும் பெற்றோருள் 31 பேரே அவ்வாறிருந்தனர். வீடு கிடைத்த அளவிலேயே எல்லா நோயும் தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. எனவேதான் வீட்டோடு துணையும் வேண்டும் என்கிறோம்.

நம் நாட்டிலும் வழியில்லாமல் இல்லை. நகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் காப்பகம் ஒன்று என்னும் அளவில் மத்திய அரசு 2013-இல் திட்டம் வகுத்தது. ஆயினும் காப்பகம் இரவுக்கு நிழலாகுமேயன்றி ஆயுளுக்கு இல்லமாகாது. 1993-இல் சென்னையில் தோன்றிய 'தி பான்யன்' என்னும் தொண்டு நிறுவனம், வீதியில் அலைந்த மனநோயுற்ற பெண்களைப் பேணி வருவது. சிகிச்சையால் தேறியும் செல்ல இடமின்றி நின்றவர்களுக்காக அது 2015-இல் 'ஹோம் அகெய்ன்' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நாலைந்து பேர் ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீடொன்றில் குடும்பமாக வாழ்கின்றனர். சமையல், கடைகண்ணி, மருந்து, வேலை ஆகியவற்றில் உதவப் பயிற்சி பெற்ற பணியாளர் துணை நிற்கிறார். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல விடுதியிலேயே வைத்திருத்தல் ஆகாது என 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் கூறுகிறது.

சட்டம் உண்டு, தொண்டரும் உண்டு. குறைவது எது? அடியேன் குற்றமொன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. நோய் தேறிய நான்கு பெண்கள் குடியிருக்க இடம் வேண்டும், துணைக்கு ஆள் உண்டு, வாடகை தவறாது என்று ஒருவர் வந்து கேட்டார். 'குடும்பத்தாருக்கே விடுவது வழக்கம்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே சந்நிதியில் நின்று, வேறு கதியில்லை என்று வழக்கம்போல் விண்ணப்பித்துக்கொண்டேன். என் தகுதியை எம்பெருமான் அப்போது கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பேன்? அவன் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன்.

மெய்யன்பர்களே! உற்சவம் சேவித்து நீங்கள் திரும்பும் தெருவிலும் இத்தகையோர் ஒருநாள் வீடு கேட்டு வரக்கூடும். அல்லது அடுத்த வீட்டுக்குக் குடிவரக்கூடும். அன்று கதவைத் திறப்பதும், 'வாருங்கள் அம்மா' என்று ஒரு குடம் தண்ணீர் கொடுப்பதும், தேர்வடம் பிடித்ததற்கு எவ்வகையிலும் குறையாத கைங்கர்யமாகும். அந்த மனத்தை நமக்கு எம்பெருமான் அருள்வானாக.