உப்பிட்டவரிடம் கணக்குக் கேட்கலாமா?

சம்பளம் கொடுத்த பழைய முதலாளிமேல் வழக்குப் போடுவது நன்றிகெட்ட செயலா? எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செம்பனைக் குலை ஏற்றும் லோரித் தொழில் பலருக்கும் வாய்ப்பேச்சில்தான் தொடங்குகிறது. "வேலையை விடு தம்பி, அடுத்த லோரி நம்ம ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி" என்று முதலாளி சொன்னதை நம்பி, என் மாமா சேமிப்பைப் போட்டு நாலு வருஷம் ஓட்டினார். கணக்குக் கேட்டதும், "நீ என்கிட்ட வேலை செஞ்சவன்தானே, ஏது பங்கு?" என்று வந்தது பதில். "சோறு போட்டவர், விட்டுடு" என்கிறார் பாட்டி.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சம்பளத்துக்குப் பட்ட நன்றி வேறு. பங்கு கடன், கடனைக் கேட்பதில் என்ன துரோகம்?

நம் நாட்டின் 1950 ஒப்பந்தச் சட்டம் பொதுவாக எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை, வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. சிக்கல் நிரூபிப்பதில். லாபத்தில் பங்கு வாங்கியது கூட்டாளி என்பதற்கு முதல்நிலைச் சான்று என்கிறது 1961 பங்குடைமைச் சட்டம். ஆனால் தொழிலாளிக்குக் கூலியாக லாபத்தில் ஒரு பகுதி கொடுத்தால், அது மட்டுமே அவரைக் கூட்டாளி ஆக்காது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாமா மாட்டிக்கொண்டது இங்கேதான். லோரித் தவணையை யார் கட்டியது? மாதாமாதம் சேமநிதி பிடித்தார்களா? வாட்ஸ்அப்பில் என்ன பேசிக்கொண்டார்கள்? இதெல்லாம் பேசும்.

பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்துக்குக் கிழவராக வந்த சிவபெருமான், "நீ எனக்கு அடிமை" என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் விட்டுவிட்டுப் போகவில்லை, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் முறையிடுகிறார். சபையோ நடைமுறை, ஆவணம், சாட்சி ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கிறது. கிழிந்தது நகல்தான் என்று மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார் கிழவர் (என்ன முன்யோசனை!). பாட்டனார் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு. சாமியே சபையேறிக் கேட்டிருக்கிறார், மாமா கேட்டால் மட்டும் குற்றமா?

ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட 6 ஆண்டுதான் அவகாசம். மாமா இப்போது வங்கிக் கணக்கு அறிக்கைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அன்று பேச்சை நேரில் கேட்டவர் ஒருவர்தான், ஆபீஸ் கிராணி. அவர் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்.