நிகழ்ந்துவிட்டதும் நிகழ்ந்திருக்கக்கூடியதும்

முன்னரே எழுதிவைக்காமல் மேடையில் வாசிக்கும் கணத்திலேயே உருக்கொள்ளும் இசையை ஒலிநாடாவில் பதிந்து, பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் மீண்டும் கேட்பவருக்குக் கிடைப்பது அந்த இசையேதானா, அல்லது உயிர்நிலை நீங்கியபின் எஞ்சிய அதன் உடல் மட்டுமா? இசையைப் பற்றியதாகத் தோன்றும் இவ்வினா உண்மையில் நடந்து முடிந்ததை மாற்றவொண்ணாத காலத்தின் இயல்பையும், செய்பவர் வேறுவிதமாகவும் செய்திருக்கலாம் என்னும் சுதந்திரத்தையும் பற்றியது. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவும் அதன் ஒலிப்பதிவுக் களஞ்சியமும் இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாக அமைகின்றன. 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் தோன்றிய இக்குழு, 1995 ஆகஸ்டில் அதன் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறையும்வரை ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளை நடத்தியது. பாடலின் கட்டமைப்பைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொண்டு, அதிலிருந்து விலகி நெடுநேரம் மனோதர்மமாக வாசித்து, திரும்பினால் திரும்பி, இல்லையேல் வேறொரு பாடலுக்குள் நுழைந்துவிடும் ஜாம் பேண்ட் என்னும் வகைக்கு இக்குழுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இக்குழுவின் நிகழ்ச்சிகள் இரண்டு வழிகளில் பதிவாயின. மேடையின் ஒலிவாங்கிகளிலிருந்து வரும் ஒலியைக் கலக்கும் பலகையிலிருந்து நேரடியாக எடுக்கப்படுவது சவுண்ட்போர்டுப் பதிவு. கூட்டத்தின் நடுவே ரசிகர்கள் தாங்களே ஒலிவாங்கியை நிறுத்தி எடுப்பது அரங்கப் பதிவு. பிற குழுக்கள் குற்றமாகக் கருதிய இரண்டாவது வழியை கிரேட்ஃபுல் டெட் பொறுத்துக்கொண்டது மட்டுமன்றி, 1984 அக்டோபர் முதல் பதிவு செய்வோருக்கென அரங்கில் தனி இடத்தையும் ஒதுக்கியது. குழுவின் சொந்தக் களஞ்சியத்தைப் பேணிய டிக் லட்வாலா, முன்னர் நாடாக்களைச் சேகரித்துவந்த ரசிகராக இருந்தவர். அவர் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிகள் 1993 முதல் ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்னும் வரிசையாக வெளிவந்தன. ஒலிக்குறைகள் உள்ளன என்று வாங்குவோரை முன்கூட்டியே எச்சரிக்கும் குறிப்புடன் அவை விற்கப்பட்டன என்பது இங்கே கருதத்தக்கது. நெடுநாள் ரசிகர்களிடையே நிலவும் கருத்துகளும் இத்தகைய வெளியீடுகளைச் சுற்றியே உருவாயின: நிகழ்ச்சி முழுமையாக வெளிவர வேண்டும், தவறுகளைத் திருத்தலாகாது, புகழ்பெற்ற இரவுகளோடு தளர்ந்த இரவுகளும் கிடைக்க வேண்டும். வெளியார்க்குச் சேகரிப்பாளரின் பிடிவாதமாகத் தோன்றும் இக்கருத்துகளுக்குள் ஒரு மெய்யியல் நிலைப்பாடு மறைந்திருக்கிறது.

அந்நிலைப்பாட்டை விளங்கிக்கொள்ள, முதலில் சிக்கலை அதன் முழு வலிமையோடு முன்வைக்க வேண்டும். நடந்ததை நடவாததாக்குவது கடவுளுக்கும் இயலாது என்னும் அகத்தோன் என்ற கவிஞரின் கருத்தை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஆறாம் பகுதியில் ஏற்றுக் கூறுகிறார். எதிர்காலம் பல வழிகளுக்குத் திறந்திருக்க, இறந்தகாலம் ஒரே வழியாக இறுகிவிடுகிறது. மனோதர்ம இசையின் மதிப்போ அதன் திறந்த தன்மையிலேயே இருக்கிறது. அடுத்த ஸ்வரம் எதுவென்று வாசிப்பவரும் அறியார், கேட்பவரும் அறியார். புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பதினோராம் பகுதியில், மனப்பாடமான ஒரு திருப்பாடலை ஓதுபவரின் உள்ளத்தைக் கொண்டு காலத்தை விளக்குகிறார்: ஓதத் தொடங்குமுன் பாடல் முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது, ஓத ஓத, எதிர்பார்ப்பு சிறுத்து நினைவு பெருகுகிறது. பலமுறை கேட்ட ஒலிநாடாவும் கேட்பவருக்கு இத்தகைய திருப்பாடலாகவே ஆகிவிடுகிறது. வாசித்தவர் தேடித் தடவிக் கண்டடைந்த ஸ்வரத்தைக் கேட்பவர் முன்கூட்டியே எதிர்பார்த்து, அது வந்ததும் தலையசைக்கிறார். தேடல் சடங்காக மாறிவிட்டதெனில், பதிவு எதைக் காக்கப் புறப்பட்டதோ அதையே அழித்துவிட்டது என்று கூற இடமுண்டு.

இதற்கான முதல் விடை, மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்தபடி 524ஆம் ஆண்டையொட்டி ‘மெய்யியலின் ஆறுதல்’ என்னும் நூலை எழுதிய போயித்தியஸிடமிருந்து கிடைக்கிறது. கடவுள் எல்லாவற்றையும் முன்னரே அறிவாரெனில் மனிதச் செயல் சுதந்திரமானதாக எவ்வாறு இருக்கும் என்னும் பழைய இறையியல் சிக்கலுக்கு, கடவுளின் அறிவு ‘முன்’ அறிவே அன்று, காலம் முழுவதையும் ஒரே நிகழ்கணமாகக் காணும் காட்சி என்று அவர் விடையளிக்கிறார். ஒருவர் நடப்பதையும் கதிரவன் எழுவதையும் ஒருசேரப் பார்ப்பவருக்கு அவ்விரண்டும் நடப்பது உறுதியாகத் தெரிகிறது. ஆயினும் கதிரவன் இயற்கையின் கட்டாயத்தால் எழுகிறது, நடப்பவரோ தம் விருப்பத்தால் நடக்கிறார். பார்வையின் உறுதி, பார்க்கப்படும் செயலைக் கட்டாயமாக்குவதில்லை. ஒலிநாடாவைக் கேட்பவருக்கும் இதே விதி பொருந்தும்: கார்சியா அடுத்து எங்கே செல்வார் என்பதைக் கேட்பவர் அறிந்திருப்பதால், அன்று கார்சியா அங்கே செல்ல நேர்ந்தது கட்டாயத்தால் என்றாகிவிடாது.

இவ்விடை தர்க்க அளவில் போதுமானதே. ஆனால் செவிக்கு அது போதுவதில்லை. சுதந்திரம் அழியவில்லை என்று அறிவது வேறு, அச்சுதந்திரத்தை இசையில் உணர்வது வேறு. அந்த உணர்வு மீள்வதற்குக் களஞ்சியத்தின் பெருக்கம் தேவைப்படுகிறது. ‘டார்க் ஸ்டார்’ என்னும் பாடல் இதற்குச் சிறந்த சான்று. 1968இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடங்களை எட்டாத அப்பாடல், 1969இல் ‘லைவ் டெட்’ தொகுப்பில் இருபத்துமூன்று நிமிடங்களாக விரிந்தது. குழுவின் வாழ்நாளில் இருநூறு முறைக்கும் மேலாக அது வாசிக்கப்பட்டது. ஒரேயொரு பதிவை மட்டும் கேட்டவருக்கு அதன் ஒவ்வொரு திருப்பமும் விதிக்கப்பட்டதாகவே தோன்றும். வேறு பல இரவுகளின் பதிவுகளையும் கேட்டவரோ, இதே இடத்தில் இசை ஓரிரவு அமைதிக்குள் அமிழ்ந்ததையும், மற்றோர் இரவு ஓசைக் கொந்தளிப்பாக மாறியதையும் உள்ளத்தில் கொண்டே கேட்கிறார். ஆகவே இப்போது ஒலிக்கும் திருப்பம் பல வழிகளுள் ஒன்றாகவே அவர் செவியில் விழுகிறது. நிகழாது போன சாத்தியங்கள் பொதுவாக எங்கும் பதிவாவதில்லை; இங்கே பிற இரவுகள் அவற்றின் இடத்தில் நிற்கின்றன.

1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த நிகழ்ச்சியை அருகிலிருந்து நோக்கினால் இது தெளிவாகும். பெட்டி கேன்ட்டர்-ஜாக்சன் பதிவுசெய்த இந்நிகழ்ச்சியின் இரண்டாம் பகுதி, முன்வரிசையில் நெருக்குண்டவர்களுக்காகக் கூட்டத்தைப் பின்னே நகரச் சொல்லும் வேண்டுகோளுடன் தொடங்குகிறது. தொடர்ந்து வரும் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’, தன் சொற்கள் முடிந்த பின்னும் ஓயாமல் நீண்டு, ‘ஃபயர் ஆன் த மவுன்டன்’ பாடலுக்குள் கரைகிறது. இந்த நொடியில்தான் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று சுட்டிக்காட்ட இயலாத அளவுக்கு அந்த மாற்றம் மெதுவானது. பின்னது மேடையேறி அப்போது இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. இவ்விரு பாடல்களின் இணைப்பு பழக்கமாக இறுகாத காலம் அது. பிற்காலத்து இரவுகளில் இதே இணைப்பு வழக்கமான பாதையாகிவிட்டதைக் கேட்டவரே, இங்கே பாதை இன்னும் போடப்படாமலிருப்பதை உணர முடியும். கேன்ட்டர்-ஜாக்சனின் நாடாக்கள் 1986இல் ஒரு சேமிப்புக் கிடங்கிலிருந்து ஏலத்தில் விற்கப்பட்டு, படிகளாகப் பெருகி ரசிகர்களிடையே பரவியதும், இந்நிகழ்ச்சி 2017இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்ததும், களஞ்சியம் என்பது தானாக அமைந்துவிடும் ஒன்றன்று என்பதை நினைவூட்டுகின்றன.

இனி, ரசிகர்களின் மூன்று கோரிக்கைகளின் பொருளும் புலப்படும். 1972ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்திலிருந்து தொகுக்கப்பட்ட ‘யூரோப் 72’ இசைத்தட்டில், குரல்கள் பிற்பாடு கலையகத்தில் மீண்டும் பாடிச் சேர்க்கப்பட்டன. கேட்க இனிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தவறும் வாய்ப்பு நீங்கிய இடத்தில், தவறாமல் பாடியதன் அருமையும் நீங்கிவிடுகிறது. 1972 ஆகஸ்ட் 27 அன்று ஓரிகன் மாநிலத்தின் வெனிட்டாவில், கடும் வெயிலில் கம்பிகளின் சுருதி விலகிக்கொண்டே இருக்க வாசித்த நிகழ்ச்சி ரசிகர்களால் இன்றும் போற்றப்படுவதற்கு, அந்த இடர்ப்பாடு பதிவில் ஒலிப்பதும் ஒரு காரணமாகும். முழு நிகழ்ச்சி வேண்டும் என்பதும் இதே அடிப்படையில் எழுகிறது: சிறந்த இருபது நிமிடங்களை மட்டும் வெட்டி எடுத்தால், அவற்றுக்கு முன் குழு தடுமாறிக்கொண்டிருந்த நேரம் மறைந்துபோய், பேறு என வாய்த்தது திட்டமிட்ட செயல்போலத் தோன்றும். சவுண்ட்போர்டின் தெளிவைவிட அரங்கப் பதிவின் மங்கலை விரும்புவோரின் வாதமும் இவ்வரிசையில் சேரும். அடுத்தது என்ன என்று அறியாத ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரம் அதில் பதிந்திருப்பதால், அகுஸ்தினார் கூறிய எதிர்பார்ப்பே அங்கு செவிக்கு எட்டும் ஒலியாகிறது.

இந்நிலைப்பாட்டுக்கு வலுவான மறுப்பும் உண்டு. எல்லா இரவுகளையும் காக்க வேண்டுமெனில், தரம் பிரிக்கும் மதிப்பீட்டுக்கு இடமெங்கே என்றும், மனித வாழ்நாளில் கேட்டு முடிக்க இயலாத குவியல் எவருக்குப் பயன்படும் என்றும் கேட்கலாம். தேர்வு தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 2015இல் வெளிவந்த ‘தர்ட்டி ட்ரிப்ஸ் அரவுண்ட் த சன்’ என்னும் 80 குறுந்தட்டுகள் கொண்ட தொகுப்பு, 1966 முதல் 1995 வரை ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி என முப்பது நிகழ்ச்சிகளை உள்ளடக்கியது. கார்சியாவின் உடல்நலமும் நினைவும் தளர்ந்திருந்த இறுதி ஆண்டுகளையும் அது விட்டுவிடவில்லை. எனினும் தேர்ந்தெடுப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல. சமய மரபுகள் சில நூல்களைத் திருமுறையாக வகுத்தபோது விலக்கப்பட்டவை பலவும் தொலைந்துபோயின. அதனால், வகுத்தவர்களின் தேர்வு சரியானதா என்று பின்வந்தோர் சோதித்துப் பார்க்கும் வழியும் அடைபட்டது. தளர்ந்த இரவுகள் காக்கப்படும்வரை, சிறந்தவை எனப் போற்றப்படும் இரவுகள் மறுபரிசீலனைக்கு உரியவையாகவே இருக்கும்.

எனவே, பதிவு மனோதர்மத்தைக் கொல்கிறதா என்னும் வினாவுக்கு, ஒற்றைப் பதிவு கொல்லக்கூடும், களஞ்சியம் அதை மீட்கும் என்பதே பொருத்தமான விடையாகும். இறந்தகாலத்தைத் திறந்துவிடக் களஞ்சியத்தாலும் இயலாது; அவ்வகையில் அகத்தோன் கூறியது நிலைபெறுகிறது. ஆனால் நடந்தது ஒன்றே, நடந்திருக்கக்கூடியவை பல என்னும் உண்மையைச் செவிவழி அறியச் செய்ய அதனால் இயலும். அந்த அறிவுக்குத் தோல்வியுற்ற இரவுகளும் சான்றாக வேண்டியிருப்பதால், அவற்றையும் காக்க வேண்டும் என்னும் ரசிகரின் கோரிக்கை இசையறிவின் அடிப்படையிலேயே நியாயமானது.