சீனிப் பூவும் வீண்விரயமும்

ஒரு மணி நேரத்தில் தின்று தீர்ந்துவிடும் கேக்குக்கு இரவிரவாக விழித்திருந்து பூ வைப்பது வீண்விரயமா? புத்தளத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் பல வருடங்களாக என்னை உறுத்திய கேள்வி இது. முட்டை வெள்ளைக்கருவையும் ஐசிங் சீனியையும் அடித்து, நொசிலால் ஒவ்வோர் இதழாகப் பிழிந்து காயவைப்பேன். மழைக்காலத்து ஈரத்தில் அவை இளகிவிடும். மாமி பார்த்துவிட்டுப் பேசாமல் போவார். அந்த மௌனத்தைக் கண்டனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

2022இல் காஸுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. இந்த நேரத்தில் பூ எதற்கென்று நொசில்களைக் கழுவி அலுமாரியில் வைத்துவிட்டேன். ஒரு நாள் மாமி அவற்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"விட்டுடாத மகள். யாழ்ப்பாணத்த விட்டு வாற நேரம் தையல் மெஷினையும் விட்டுட்டுத்தான் வந்தன். கைப்பழக்கத்த மட்டும் ஒருத்தராலயும் பறிக்க ஏலாமப் போச்சு."

1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களில் அவரும் ஒருவர். அகதி முகாமில் இரவல் மெஷினில் தைத்தே பிள்ளைகளை வளர்த்தவர்.

அன்றிரவு ஒரே முட்டையின் வெள்ளைக்கருவில் ஐந்து பூக்கள் செய்தேன். மாமி மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீண்விரயம் பற்றிய எச்சரிக்கை நமக்கு அவசியமானதே. பெருமைக்காகச் சீனியைக் கொட்டுவதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் கேக்கோடு தீர்ந்துபோவது பூ மாத்திரமே. பழகிய கை எஞ்சிவிடுகிறது. அந்தக் கையைச் சும்மா இருக்கவிடுவதும் விரயத்தில் சேராதா?