அரவு விலைப்பொருளாமோ?

கல்லல் முதலிய ஊர்களையுடைய செட்டிநாடு, வாணிகத்தால் ஈட்டிய பொருளைச் சிவாலயத் திருப்பணிகளிற் செலவிட்ட நாடு. எதனை விற்றல் தகும் என்னும் வினா அந்நாட்டார்க்குப் புதிதன்று. அவ்வினா ஈண்டுப் பாம்பின்மேல் வைத்து ஆராயப்படும்.

செருமனியின் ஹாம் நகரிலும் அமெரிக்க நகரங்களிலும் ஊர்வனச் சந்தைகள் கூடுகின்றன. ஆண்டுக் கூண்டிற் பொரித்து வளர்த்த ஆப்பிரிக்க மலைப்பாம்புகள் விலையாகின்றன. “காட்டிற் பிடித்ததன்று, யாமே வளர்த்தது, ஆதலிற் குற்றமில்லை” என்பர் விற்போர். காட்டுயிர் கவரப்படாமை நன்றே. ஆயினும், வளர்த்தமையால் உடைமை உண்டாகாது. பாம்பின் உடம்பு மாயையின் காரியம்; அதனுள் நிற்பது அநாதியாகிய பசு; அதனை உடையான் பதியொருவனே. வளர்ப்போன் காவலனேயன்றி உடையானல்லன்.

இனி, ‘சிலந்தி’ எனப் பெயரிட்டு விற்கும் ஒரு நிறவகைக்குத் தலைநடுக்கம் பிறவியிலேயே உடன்வரும். அஃதறிந்தும் நிறத்தின்பொருட்டு அவ்வினத்தைப் பெருக்குதல் காவலாகாது. “அந்நடுக்கம் அதன் வினைப்பயனன்றோ?” எனின், நுகர்வது அதன் வினையேயாயினும், அதற்குக் கருவியாய் நின்றார்க்கு ஆகாமியம் ஏறும் என்க.

1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், வடநெம்மேலியிற் பாம்புகளைச் சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மீளக் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு கடியுண்டார்க்கு உதவும் மருந்திற்கு மூலமாகின்றது. ஆண்டு விலைபெறுவது நஞ்சு, உயிரன்று.

ஆதலின், வளர்த்ததோ பிடித்ததோ என வினவியமையாது, நம் ஊதியத்திற்காக நோவது எவ்வுயிர் என வினவுக. அரவணிந்த பெருமானை வழிபடுவார்க்கு அவ்வினாவே தகுவது.